ருவாண்டாவைக் காட்டி உலக போலீஸ் கேட்காதீர்கள்

ஒரு வல்லரசு உலகம் முழுவதற்கும் போலீஸ் வேலை பார்க்கலாமா என்று எங்கே பேச்சு வந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ருவாண்டாவை எடுத்து நடுவில் வைப்பார். 1994-இல் நூறு நாளில் எட்டு லட்சம் பேரை வெட்டிக் கொன்றார்களே, அன்றைக்கு அமெரிக்கா இறங்கியிருந்தால் நின்றிருக்குமே, அப்படியென்றால் பலம் உள்ளவன் ஒருவன் காவலுக்கு இருக்க வேண்டும்தானே என்பார். அதற்கு மேல் எதிர்ப்பக்கத்தில் பேச்சு எழாது. ஈராக், வியட்நாம் என்று ஏதோ சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியில் இந்தப் பக்கம் செத்தவர்கள் எத்தனை, அந்தப் பக்கம் செத்தவர்கள் எத்தனை என்று எடை போடுவதில் போய் முடியும்.

அந்த வாதத்தைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. மனிதர்கள் சாகும்போது உலகம் கைகட்டி நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் ருவாண்டாவில் நடந்தது வேறு. அங்கே ஏற்கெனவே ஐநா படை நின்றுகொண்டிருந்தது. கொலை தொடங்கிய பிறகு, பாதுகாப்பு கவுன்சிலில் கை தூக்கி ஓட்டுப் போட்டு அந்தப் படையைக் குறைத்தார்கள்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். கனடா நாட்டு ஜெனரல் ரோமியோ டல்லேர் தலைமையில் சுமார் 2,500 பேர் கொண்ட ஐநா அமைதிப்படை ருவாண்டாவில் இருந்தது. 1994 ஜனவரியிலேயே அவர் நியூயார்க்குக்குத் தந்தி அடித்துவிட்டார்: ஹூட்டு தீவிரவாதிகள் இன்னின்ன இடத்தில் ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், சிறுபான்மை டுட்சி மக்களைப் பட்டியல் எடுக்கிறார்கள், போய்ப் பறிமுதல் செய்ய அனுமதி கொடுங்கள் என்று. கொடுக்கவில்லை. ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, கொலை ஆரம்பமானது. மறுநாள் அந்தப் படையில் இருந்த பெல்ஜியம் நாட்டு வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் ஆட்களை எடுத்துக்கொண்டு கிளம்பியதோடு நிற்காமல், மொத்தப் படையும் வெளியேற வேண்டும் என்று மற்றவர்களிடமும் போய்ப் பேசியது. முந்தைய ஆண்டு சோமாலியாவில் 18 வீரர்களை இழந்த அமெரிக்காவுக்கும் அதுவே விருப்பம். ஏப்ரல் 21 அன்று, தெருவெல்லாம் பிணமாகக் கிடந்தபோது, 912-ஆம் தீர்மானம் நிறைவேறியது. 2,500 பேர் கொண்ட படை 270 பேராகக் குறைய வேண்டும் என்பது தீர்மானம்.

டல்லேர் அதைவிட அதிகம் பேரைத் தன்னோடு வைத்துக்கொண்டார், கானா நாட்டு வீரர்கள் பெரும்பாலும். சரியான வண்டிகூட இல்லாத அந்தச் சில நூறு பேர், ஒரு விளையாட்டரங்கத்தையும் ஒரு ஹோட்டலையும் இன்னும் சில இடங்களையும் காத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார்கள். கொலைகாரர்களுக்கு முகவரி வாசித்துக்கொண்டிருந்த வானொலியை முடக்க முடியுமா என்று அமெரிக்க அரசுக்குள்ளேயே ஒரு யோசனை வந்தது. மே மாதம் பென்டகன் எழுதிய குறிப்பு இருக்கிறது, அதற்கான விமானம் ஒரு மணி நேரம் பறக்க 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கலும் உண்டு, வேண்டாம் என்று. நான் இதைப் பல முறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த 8,500 என்கிற எண்ணில் வந்து நின்றுவிடுகிறேன்.

ஆக அந்த நூறு நாளில் தேவைப்பட்டது விமானம் தாங்கிக் கப்பலும் குண்டுவீச்சும் ஆட்சி மாற்றமும் அல்ல. இருந்த படையைக் குறைக்காமல் இருந்திருக்கலாம், கேட்ட ஐயாயிரம் பேரையும் வண்டிகளையும் கொடுத்திருக்கலாம், அந்த வானொலியை அடைத்திருக்கலாம். உலகத்துக்கு ஒரு போலீஸ்காரர் இல்லாததால் ருவாண்டா நடந்தது என்று சொல்லும்போது, அந்த ஓட்டெடுப்பு கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. அது மறையக் கூடாது. 1998-இல் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்கே போய்ப் போதுமான அளவு செய்யவில்லை என்று வருத்தம் சொன்னார். செய்ய வேண்டியிருந்தது என்ன என்பதை மட்டும் நாம் இன்றைக்கும் தப்பாகவே நினைவில் வைத்திருக்கிறோம்.

இதே கதை இலங்கையிலும் உண்டு என்பது தமிழில் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 2008 செப்டம்பரில் ஐநா பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் அவர்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். போனார்கள். அடுத்த மே மாதத்துக்குள் வன்னியில் என்ன நடந்தது என்பதற்கு சாட்சி சொல்ல வெளியாட்கள் இல்லாமல் போனார்கள். பாதுகாப்பு கவுன்சில் அதை முறையான நிகழ்ச்சி நிரலில்கூட ஏற்றவில்லை. 2012-இல் ஐநாவே தன் உள்விசாரணையில் தோற்றுப்போனோம் என்று எழுதியது. அன்றைக்கு அமெரிக்காவின் ஏழாவது கடற்படை வந்திருக்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்த ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆனால் இருந்தவர்கள் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கை, அதைக் கேட்பதற்கு எந்த வல்லரசின் படையும் தேவையில்லை.

கிழக்குத் தீமோரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே நாட்டில் ஒரே வல்லரசு இரண்டு விதமாக நடந்துகொண்டதை அங்கே பார்க்கலாம்.

1975 டிசம்பர் 6 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டும் வெளியுறவுச் செயலர் கிஸ்ஸிஞ்சரும் ஜகார்த்தாவில் இருந்தார்கள். போர்ச்சுகல் கைவிட்டுப்போன கிழக்குத் தீமோரில் தான் விரைவாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று இந்தோனேசிய ஜனாதிபதி சுகார்த்தோ அவர்களிடம் சொன்னார். புரிகிறது, நெருக்கடி கொடுக்க மாட்டோம் என்கிற பதில்தான் கிடைத்தது. அந்த உரையாடலின் பதிவு பிற்பாடு ரகசியம் நீக்கி வெளியாகிவிட்டது, யாரும் மறுக்க முடியாது. அவர்கள் விமானம் ஏறினார்கள், மறுநாள் இந்தோனேசியப் படை கிழக்குத் தீமோரின் தலைநகர் டிலியில் இறங்கியது. அந்தப் படையின் கையில் இருந்த ஆயுதங்களில் பெரும்பகுதி அமெரிக்கா கொடுத்தது. 24 ஆண்டு ஆக்கிரமிப்பில் கொலையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் குறைந்தது ஒரு லட்சம் பேர் செத்தார்கள் என்று பிற்பாடு அந்த நாட்டின் உண்மை கண்டறியும் ஆணையம் கணக்குச் சொன்னது. கிழக்குத் தீமோரின் மக்கள்தொகை ஏழு லட்சத்துக்குக் கீழே இருந்த காலம் அது.

அப்புறம் 1999. ஆகஸ்ட் 30-ஆம் தேதி வாக்கெடுப்பு, 78.5 சதவீதம் பேர் விடுதலைக்கு ஓட்டுப் போட்டார்கள். உடனே இந்தோனேசிய ராணுவம் வளர்த்துவிட்ட ஆயுதக் கும்பல்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. இப்போது வாஷிங்டன் என்ன செய்தது? குண்டு போடவில்லை. செப்டம்பர் 9 அன்று இந்தோனேசியாவோடு இருந்த ராணுவ உறவை நிறுத்துவதாக கிளிண்டன் அறிவித்தார், சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் கொடுக்க இருந்த பணத்தின் பேச்சும் கூடவே எழுந்தது. செப்டம்பர் 12 அன்று இந்தோனேசிய ஜனாதிபதி ஹபிபி சர்வதேசப் படைக்குச் சம்மதித்தார். 15-ஆம் தேதி பாதுகாப்பு கவுன்சில் அனுமதி, 20-ஆம் தேதி ஆஸ்திரேலியா தலைமையில் படை டிலியில் இறங்கியது. அடுத்த பிப்ரவரியில் பொறுப்பை ஐநாவிடம் கொடுத்துவிட்டார்கள். 2002 மே 20 அன்று அது சுதந்திர நாடு.

மூன்று நாள். ராணுவ உறவு நின்றதற்கும் சம்மதம் வந்ததற்கும் நடுவில் மூன்றே நாள். 24 வருடமாக அந்தக் கயிறு யார் கையில் இருந்தது என்பது அந்த மூன்று நாளில் தெரிந்துவிட்டது. வல்லரசுக்குப் பலம் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது போலீஸ் வேடம் போட்டுக்கொண்டு வருவதற்கு முன்னால், கொலைகாரனின் தோளில் இருக்கும் தன் கையை எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் அந்தக் கை இருக்கிறது, எடுத்தாலே பாதி வேலை முடியும்.

ஹலப்ஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 மார்ச்சில் சதாம் உசேன் அந்தக் குர்து ஊரில் விஷவாயு போட்டு சுமார் ஐயாயிரம் பேரைக் கொன்றார். அப்போது ஈரானுக்கு எதிரான போரில் அவர் அமெரிக்காவுக்கு வேண்டியவர், அதனால் உறவு முறியவில்லை. அடுத்த ஆண்டுகளிலும் விவசாயக் கடன் உத்தரவாதம் போய்க்கொண்டுதான் இருந்தது. பதினைந்து ஆண்டு கழித்து, 2003-இல், அதே ஹலப்ஜாவைப் படையெடுப்புக்குக் காரணமாகக் காட்டினார்கள். செத்தவர்களை அவர்கள் செத்த அன்றைக்குக் கவனிக்காமல், வசதிப்பட்ட அன்றைக்கு எடுத்துப் பயன்படுத்துவது எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுகிறது.

சரி, போலீஸ் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு போலீஸ்காரரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் நாம் அவருக்குக் கட்டுப்படுவதில்லை. அவர் தப்புச் செய்தால் அவர் மேலும் வழக்குப் போடலாம், அவரும் கூண்டில் ஏற வேண்டும், அந்த நம்பிக்கை இருக்கும்வரைதான் அவர் போலீஸ். நடைமுறையில் அது எவ்வளவு ஓட்டை என்பது வேறு விஷயம், விதியாவது அப்படி இருக்கிறது. அமெரிக்கா தன்னைப் பற்றி வைத்திருக்கும் விதி என்ன? நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததற்காகவும் அங்கே கிளர்ச்சிப் படையை வளர்த்ததற்காகவும் 1986-இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்கா சர்வதேசச் சட்டத்தை மீறியது என்றது. தீர்ப்பை ஏற்கவில்லை, அதை அமல்படுத்தச் சொல்லி பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்த தீர்மானத்தை வீட்டோ போட்டுத் தள்ளியது. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஒரு அமெரிக்கப் படைவீரரைப் பிடித்து வைத்தால் அவரை மீட்பதற்குத் தேவையான எல்லா வழிகளையும் ஜனாதிபதி பயன்படுத்தலாம் என்கிறது அது. நீதிமன்றம் இருக்கும் நகரத்தின் பெயரால் அதை ஹேக் படையெடுப்புச் சட்டம் என்றே பலர் அழைக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அந்த நீதிமன்றத்தின் மேலேயே பொருளாதாரத் தடை விதிக்க உத்தரவு போட்டாயிற்று.

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை காரின் மேல் ட்ரோன் ஏவுகணை விழுந்தது. முதலில் பயங்கரவாதி என்றார்கள். செத்தது பத்துப் பேர், ஏழு பேர் குழந்தைகள், கார் ஓட்டியவர் ஒரு அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தப்பு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள், யாருக்கும் தண்டனை கிடையாது என்றும் முடிவு செய்தார்கள். அந்தக் குடும்பம் எந்த ஊரில், எந்த நீதிமன்றத்தில் போய் நிற்கும்? உலக போலீஸ் வேண்டும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேச வேண்டும்.

இந்த வேலையை யாரும் அமெரிக்காவிடம் ஒப்படைக்கவும் இல்லை. அதுவாகவே எடுத்துக்கொண்டது. 1904-இல் தியடோர் ரூஸ்வெல்ட் தன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில், மேற்கு அரைக்கோளத்தில் ஒழுங்கீனமாக நடக்கும் நாடுகள் மேல் அமெரிக்கா சர்வதேச போலீஸ் அதிகாரத்தைப் பயன்படுத்த நேரலாம் என்று எழுதினார். பத்து ஆண்டு கழித்து, 1914 டிசம்பரில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் தேசிய வங்கிக்குப் போய் ஐந்து லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு ஹைட்டியையே பிடித்தார்கள், 1934 வரை விடவில்லை. 1953-இல் ஈரானில் மொசாடெக், 1954-இல் குவாத்தமாலாவில் அர்பென்ஸ், இருவரும் தேர்தல் வழியாக வந்தவர்கள், இருவரையும் கவிழ்த்ததில் சிஐஏவின் கை இருந்தது. லாவோஸ் மேல் 1964-இலிருந்து 1973 வரை இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது, வெடிக்காத கொத்துக் குண்டுகள் இன்றைக்கும் வயலில் கிடக்கின்றன, வேலை செய்பவர்களும் விளையாடும் பிள்ளைகளும் சாகிறார்கள். லாவோஸ் மேல் அமெரிக்கா போர் அறிவிக்கவே இல்லை.

இதையெல்லாம் சொன்னால் ரஷ்யா மட்டும் யோக்கியமா, சீனா மட்டும் யோக்கியமா என்று கேட்பார்கள். இல்லை. 1956-இல் ஹங்கேரியில், 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவில், 1979-இல் ஆப்கானிஸ்தானில் சோவியத் டாங்கிகள் போனதும் ஒழுங்கை நிலைநாட்டத்தான் என்றார்கள். என் வாதம் அமெரிக்கர்கள் மோசமானவர்கள் என்பதல்ல, தனக்கு மேல் நீதிமன்றம் இல்லாத எந்த நாட்டிடமும் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்பது. நாளைக்கு எனக்குப் பிடித்த நாடு வல்லரசானாலும் இதைத்தான் சொல்வேன்.

என்னை உண்மையிலேயே தடுமாற வைப்பது கொசோவோதான். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐநா பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடத்தில், எட்டாயிரம் ஆண்களையும் பையன்களையும் போஸ்னிய செர்பியப் படை கொன்று புதைத்தது. காவலுக்கு இருந்த நெதர்லாந்து வீரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான்கு வருடம் கழித்து, அந்தப் படைக்கு ஆதரவு கொடுத்திருந்த செர்பியத் தலைவர் மிலோசெவிச்சின் ஆட்கள் கொசோவோவில் அல்பேனிய மக்களை விரட்டத் தொடங்கியபோது, ரஷ்யாவின் வீட்டோ வரும் என்று தெரிந்ததால் நேட்டோ பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போகாமலே 78 நாள் குண்டு வீசியது. குண்டு விழத் தொடங்கிய பிறகு விரட்டலும் கொலையும் கடுமையாயின என்பதும் உண்மை, கடைசியில் லட்சக்கணக்கான அகதிகள் வீடு திரும்பினார்கள் என்பதும் உண்மை. ஒரு சுயாதீன ஆணையம் அதைச் சட்டவிரோதம், ஆனால் நியாயமானது என்று எழுதியது. ஸ்ரெப்ரெனிட்சாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், பாதுகாப்பு கவுன்சில் அனுமதி இல்லாமல் குண்டு போட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் அந்த விதிவிலக்கு அங்கேயே நிற்கவில்லை. 2014 மார்ச் 18 அன்று கிரீமியாவை இணைத்துக்கொண்டு புதின் பேசிய பேச்சில் கொசோவோவைத்தான் முன்னுதாரணமாகக் காட்டினார். 2022-இல் உக்ரைனுக்குள் நுழைந்தபோதும் இனப்படுகொலையைத் தடுக்கப் போகிறோம் என்றார். அவற்றுக்கு முன்னால் 2003-இல் ஈராக். அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் பாதுகாப்பு கவுன்சிலில் உட்கார்ந்து காட்டிய ஆயுதங்கள் எதுவும் ஈராக்கில் கிடைக்கவில்லை. ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா நியமித்த பால் பிரெமர் ஒரே உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார், சம்பளமும் மரியாதையும் போன லட்சக்கணக்கான ஆட்கள் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் சிலர் பிற்பாடு ஐஎஸ் அமைப்பின் தளபதிகளாக வந்து நின்றார்கள், 2014-இல் மொசூல் விழுந்தது. நியாயமான ஒரு சட்டமீறல் அடுத்த நான்கு பேருக்கு உரிமம் ஆகிறது. அந்தக் கணக்கையும் கொசோவோவின் பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது, எனக்கு அதில் சந்தோஷம் இல்லை.

லிபியா வேறு பாடம் கற்றுக்கொடுத்தது. 2003 டிசம்பரில் கடாஃபி தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். 2011-இல் பொதுமக்களைக் காப்பாற்ற என்று பாதுகாப்பு கவுன்சில் கொடுத்த 1973-ஆம் தீர்மானத்தை வைத்து நேட்டோ ஆட்சியையே மாற்றியது, அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார், நாடு இன்றுவரை இரண்டு துண்டாகக் கிடக்கிறது. வட கொரியா அதை வெளிப்படையாகவே சுட்டிக் காட்டியது, ஆயுதத்தை விட்டுக்கொடுத்தவனுக்கு என்ன ஆகும் பாருங்கள் என்று. உக்ரைனும் 1994-இல் புடாபெஸ்டில் கையெழுத்துப் போட்டுத் தன்னிடம் இருந்த அணுகுண்டுகளைக் கொடுத்தது. அணுகுண்டு இல்லாத ஈராக்குக்குள் போனார்கள், இருக்கும் வட கொரியாவோடு உட்கார்ந்து பேசினார்கள், 2025 ஜூனில் ஈரானின் அணுசக்திக் கூடங்கள் மேல் குண்டு போட்டார்கள். ஒரு சின்ன நாட்டின் ராணுவ அமைச்சர் இதையெல்லாம் வரிசையாகப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்டை நாடுகள் போய்த் தடுத்த உதாரணங்களும் இருக்கின்றன, அவற்றை ஏனோ யாரும் பேசுவதில்லை. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த படுகொலை இந்திய ராணுவம் போனதால் நின்றது, அமெரிக்கா பாகிஸ்தான் பக்கம் நின்று என்டர்பிரைஸ் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. 1979 ஜனவரியில், கம்போடியாவில் சொந்த மக்களையே கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சியை வியட்நாம் விரட்டியது, அதற்குப் பிறகும் பல வருடம் ஐநாவில் கம்போடியாவின் இருக்கை அந்தக் கொலைகாரர்களிடமே இருக்க அமெரிக்காவும் சீனாவும் ஓட்டுப் போட்டன. அதே ஆண்டு உகாண்டாவின் இடி அமீனைத் துரத்தியது தான்சானியா. அண்டை நாடு என்பதாலேயே நல்லவர்களாகிவிட மாட்டார்கள், வியட்நாம் கம்போடியாவில் பத்து ஆண்டு உட்கார்ந்திருந்தது. அமைதி காக்க 1987 ஜூலையில் யாழ்ப்பாணம் போன இந்தியப் படை அக்டோபரில் போரில் இருந்தது, யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் ஊழியர்களும் சுடப்பட்டார்கள், 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்களும் இறந்தார்கள். விசாரணை இல்லை, வழக்கு இல்லை. வட்டார அளவில் போலீஸ் வேலை பார்த்தாலும் கேள்வி அதேதான், யாரிடம் போய் முறையிடுவது?

அமெரிக்கா ஒதுங்கினால் அந்த இடத்துக்கு இன்னொருவன் வருவான், அவன் இன்னும் மோசமாக இருப்பான் என்பது கடைசி வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இடம் ஒருவருக்குத்தான் என்று யார் சொன்னது? சோமாலியக் கடற்கொள்ளையை எப்படி அடக்கினார்கள் என்று பாருங்கள். 2008-இல் பாதுகாப்பு கவுன்சில் அனுமதி கொடுத்தது, சோமாலிய அரசின் சம்மதமும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, இந்தியா, சீனா, ரஷ்யா எல்லாருடைய கப்பல்களும் அதே கடலில் நின்றன. பிடிபட்டவர்கள் கென்யாவிலும் செஷல்ஸிலும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 2011-இல் உச்சத்தில் இருந்த தாக்குதல்கள் இரண்டு வருடத்தில் சரிந்தன. அதைத்தான் நான் போலீஸ் வேலை என்பேன். அனுமதி உண்டு, வழக்கு உண்டு, தனி முதலாளி கிடையாது.

1945-இல் எழுதிய ஐநா சாசனத்தின் 43-ஆவது பிரிவு இதைத்தான் சொன்னது, உறுப்பு நாடுகள் முன்கூட்டியே படைகளை ஒதுக்கி பாதுகாப்பு கவுன்சிலின் கையில் வைக்க வேண்டும் என்று. ஒரு நாடுகூட இன்றுவரை அப்படி ஒப்பந்தம் போடவில்லை. 2024-இல் அமெரிக்காவின் ராணுவச் செலவு சுமார் 99,700 கோடி டாலர். உலகம் முழுவதும் இருக்கும் ஐநா அமைதிப்படைகளுக்கு 2024-25-இல் ஒரு வருட பட்ஜெட் சுமார் 560 கோடி டாலர், அதாவது அமெரிக்க ராணுவத்தின் இரண்டு நாள் செலவு. அந்தப் பணத்திலும் பாக்கி. பெரும் படுகொலை நடக்கும்போது வீட்டோ போட மாட்டோம் என்று உறுதி எடுங்கள் என்று பிரான்சும் மெக்சிகோவும் கேட்டுப் பத்து வருடமாகிறது, நூறு நாடுகளுக்கு மேல் ஆதரவு, அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் கையெழுத்துப் போடவில்லை. ஐநாவால் முடியவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதை முடியாமல் வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதும்போது என் மனதில் இருப்பது சூடான். டார்ஃபூரில் ஐநாவும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து வைத்திருந்த படையின் பணி 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொள்ளப்பட்டது. 2023 ஏப்ரலில் போர் தொடங்கியது. 2024 நவம்பரில் சண்டையை நிறுத்தச் சொல்லி வந்த தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ போட்டது. ஒன்றரை வருட முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபரில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரம், சூடான் ராணுவத்தோடு மோதும் துணைப்படையான ஆர்எஸ்எஃப்பின் கையில் விழுந்தது, மருத்துவமனையில் இருந்தவர்களைக்கூட விடவில்லை. இங்கேயும் அமெரிக்கா இறங்க வேண்டும் என்று கேட்கும் குரல்கள் வரும். ஆர்எஸ்எஃப் செய்வது இனப்படுகொலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்க அரசே அறிவித்தது. அந்தப் படைக்கு ஆயுதம் போவது ஐக்கிய அரபு அமீரகம் வழியாக என்று ஐநா நிபுணர்கள் முதல் அமெரிக்க செனட்டர்கள் வரை சொல்கிறார்கள், அமீரகம் மறுக்கிறது. அதே ஆண்டு மே மாதம் அமீரகத்துக்கு 140 கோடி டாலர் அளவுக்கு ராணுவத் தளவாடங்கள் விற்க வாஷிங்டன் ஒப்புதல் கொடுத்தது. எல் ஃபாஷருக்காக அமெரிக்காவிடம் எதையாவது கேட்பதென்றால், அந்த விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.